எந்த வடிவமும் வட்டமாகும்!

கணித மேதை ரீமானின் வாழ்க்கை வரலாறு

கோணல்மாணலான கரையுள்ள ஏரி ஒன்றின் படத்தை ஒரு ரப்பர்த் தாளில் வரைந்துகொள்வோம். தாளை ஓரிடத்தில் இழுத்து, இன்னோரிடத்தில் சுருக்கி, அந்த ஏரியை ஒரு வட்டமாக்கிவிட முடியுமா? முடியும். இது குழந்தைகூடச் செய்துவிடும் வேலை. ஆனால் ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பாருங்கள். ஏரிக்குள் வரைந்த எந்த இரண்டு கோடுகளும் முன்பு என்ன கோணத்தில் வெட்டிக்கொண்டனவோ, வட்டமான பிறகும் அதே கோணத்தில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில்கூடக் கோணம் பிசகக் கூடாது. இப்போது முடியுமா?

முடியும் என்று 1851-ம் ஆண்டில் 25 வயது இளைஞர் ஒருவர் சொன்னார். ஏரியின் நடுவில் தீவு எதுவும் இல்லாமல் இருந்தால் போதும், கரை எவ்வளவு வளைந்து நெளிந்திருந்தாலும் கவலையில்லை என்றார். அவர்தான் பெர்ன்ஹார்ட் ரீமான். அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு அவர் கொடுத்த நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை ஊரறிய வெளிப்பட்டபோது பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அது அடைபடுவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

பாதிரியாரின் மகன்

அந்தக் காலத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பல ராஜ்யங்களாகப் பிரிந்து கிடந்தது. அவற்றில் ஒன்றான ஹனோவர் ராஜ்யத்தில், பிரெசலென்ஸ் என்னும் கிராமத்தில், 1826-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி ரீமான் பிறந்தார். தகப்பனார் புராட்டஸ்டண்டுப் பாதிரியார். நெப்போலியனுக்கு எதிரான போரில் பங்கு கொண்டவர். ஆறு குழந்தைகளில் ரீமான் இரண்டாமவர். கிராமப் பாதிரியாரின் சொற்ப வருமானத்தில் எட்டுப் பேர் சாப்பிட வேண்டும். வீட்டில் அன்புக்கு மட்டும்தான் குறைவில்லை. பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடங்களைத் தகப்பனாரே சொல்லிக் கொடுத்தார்.

1840-ல் ரீமான் ஹனோவர் நகரிலிருந்த பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கப் போனார். இரண்டு வருஷத்தில் பாட்டி காலமாகவே, லூனெபர்க் நகரத்துப் பள்ளிக்கு மாறினார். பயந்த சுபாவம், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். எப்போதும் வீட்டு நினைவு. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் வாத்தியார்களே பின்தங்க வேண்டியதுதான். பள்ளித் தலைமையாசிரியர் ஷ்மால்பஸ் தம்முடைய சொந்தப் புத்தகங்களைப் பையனுக்குக் கொடுத்துப் படிக்கச் செய்தார். எண்களின் இயல்பைப் பற்றி பிரெஞ்சுக் கணித மேதை லெஜாந்தர் எழுதிய நூல் 800 பக்கங்களுக்கு மேற்பட்டது. அதை வாங்கிப் போன ரீமான் ஒரே வாரத்தில் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு பரீட்சையில் அந்த நூலிலிருந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தயங்காமல் விடை சொன்னாராம்.

மகனும் தம்மைப் போலப் பாதிரியாராக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அதற்கு இணங்கி 1846-ல் ரீமான் கெட்டிங்கன் சர்வகலாசாலையில் சமய சாஸ்திரம் படிக்கச் சேர்ந்தார். ஆனால் கால்கள் கணித வகுப்பைத் தேடிப் போயின. தகப்பனாரின் மனம் நோகாமல் அனுமதி கேட்டார், அனுமதி கிடைத்தது. உலகப் புகழ் பெற்ற காஸ் அப்போது கெட்டிங்கனில்தான் பேராசிரியராக இருந்தார். எனினும் அங்கே மாணவர்களுக்கு உயர்ந்த கணிதப் பாடங்கள் அதிகம் நடக்கவில்லை. ஆகவே 1847-ல் ரீமான் பெர்லினுக்குப் போய் இரண்டு வருஷம் படித்தார். ஜாக்கோபி, ஸ்டைனர், டிரிஷ்லே ஆகிய பெரியவர்களின் வகுப்புகளில் உட்கார்ந்தார். 1848-ல் பெர்லினில் புரட்சி வெடித்தபோது, மாணவர் படையோடு சேர்ந்து அரண்மனைக் காவலிலும் நின்றார்.

அந்தப் பெரியவர்களில் டிரிஷ்லேயின் போக்கு ரீமானுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. நீண்ட கணக்குகளைப் போட்டுப் பக்கங்களை நிரப்பாமல், யோசனையாலேயே விஷயத்தின் வேரைப் பிடிப்பவர் டிரிஷ்லே. ரீமானுக்கு நேர்ந்த வெற்றியும் சங்கடமும் அந்த வகுப்பிலிருந்தே வந்தன.

கோணம் மாறாத படம்

உலகப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வடக்கேயுள்ள கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. 1569-ல் மெர்க்கேட்டர் என்பவர் வகுத்த முறையில் வரைந்த படம் அது. பரப்பைத் தாறுமாறாக்கும் அந்தப் படத்தை மாலுமிகள் ஏன் விரும்பினார்கள்? அதில் கோணம் மாறுவதில்லை. கப்பல் செல்லும் திசையைப் படத்தில் அளந்தபடியே கடலிலும் பிடிக்கலாம். பெரிய வடிவம் மாறினாலும், மிகச் சிறிய சதுரம் ஏறக்குறையச் சதுரமாகவே இருக்கும். இப்படிப்பட்ட படத்தைக் கோணம் மாறாத படம் என்று சொல்லலாம். காஸ் 1822-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு டென்மார்க் நாட்டு விஞ்ஞானக் கழகம் பரிசு அளித்தது. ஹனோவர் ராஜ்யத்தை அளந்து படம் எடுக்கும் பணியும் அந்த நாளில் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

ரீமான் இந்த விஷயத்துக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்தார். கணிதத்தில் கலப்பெண்கள் என்று ஒரு வகை உண்டு. ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கக் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று இரண்டு விவரம் தேவைப்படுவது போல, கலப்பெண்ணுக்கும் இரண்டு பகுதிகள். ஆகவே தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலப்பெண். ஒரு கலப்பெண்ணைக் கொடுத்தால் இன்னொரு கலப்பெண்ணைத் தரும் விதி இருந்தால், அது ஒரு புள்ளியை இன்னொரு புள்ளிக்குக் கொண்டு போகிறது. அதாவது ஒரு படத்தை இன்னொரு படமாக மாற்றுகிறது. அந்த விதி வகைக்கெழு காணக்கூடியதாக இருந்தால், ஒரு சில விசேஷப் புள்ளிகளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கோணம் தானாகவே காப்பாற்றப்படுகிறது!

எழுத்தும் குறியுமாக இருந்த கணிதத்தை ரீமான் கண்ணால் பார்க்கும் வடிவமாக மாற்றிவிட்டார். 1851-ல் டாக்டர் பட்டத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த கட்டுரையின் உயிர் இதுதான். அதன் இறுதிப் பகுதியில்தான், தீவில்லாத ஏரியை வட்டமாக்கும் சித்தாந்தம் வருகிறது. ஏரிக்குள் எந்தப் புள்ளி வட்டத்தின் மையமாக வேண்டும், கரையில் எந்தப் புள்ளி வட்டத்தின் விளிம்பில் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதை நம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு மாற்றத்துக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. யாரையும் லேசில் புகழாத காஸ் இந்தக் கட்டுரையை மனமாரப் பாராட்டி அறிக்கை எழுதினார். அதே பொருள் பற்றித் தாமும் பல வருஷங்களாக எழுத எண்ணியிருப்பதாக அவர் ரீமானிடம் சொன்னாராம்.

சூடான தகடும் ஓர் ஓட்டையும்

வட்டமாக்குவது எப்படி? ரீமானின் யோசனையை வெப்பத்தின் பாஷையில் இப்படி விளக்கலாம். ஏரியின் வடிவத்தில் ஒரு மெல்லிய உலோகத் தகடு. அதன் விளிம்பு முழுவதும் குளிர்ந்திருக்கிறது. உள்ளே ஒரே ஒரு புள்ளியில் இடைவிடாமல் சூடேற்றுகிறோம். சிறிது நேரத்தில் வெப்பநிலை எங்கும் நிலைபெற்றுவிடும். ஒரே வெப்பமுள்ள இடங்களைச் சேர்த்துக் கோடுகள் போட்டால், அவை சூடான புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக அமையும். வெப்பம் ஓடும் பாதைகள் அந்த வளையங்களைச் செங்கோணத்தில் வெட்டும். இதே காரியத்தை வட்டத் தகட்டில் மையத்தில் செய்தால் என்ன கிடைக்கும்? வளையங்கள் வட்டங்களாகவும், பாதைகள் சக்கரத்தின் ஆரக்கால்களாகவும் இருக்கும். ஏரியின் வளையங்களை வட்டங்களோடும், பாதைகளை ஆரக்கால்களோடும் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது!

ஆனால் எந்தக் கரையாக இருந்தாலும் அப்படி நிலைபெறும் அமைப்பு ஒன்று நிச்சயமாக உண்டு என்பதற்கு என்ன அத்தாட்சி? டிரிஷ்லேயின் வகுப்பில் கேட்ட யோசனையை ரீமான் இங்கே கையாண்டார். சாத்தியமான அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு உண்டு. அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகையால் அவற்றுள் மிகக் குறைந்த அளவுள்ள அமைப்பு ஒன்று இருந்தே தீர வேண்டும். நமக்கு வேண்டியது அதுதான் என்றார். இதற்கு டிரிஷ்லேயின் கொள்கை என்று ஆசிரியரின் பெயரையே சூட்டினார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும் பின்னங்களைப் பாருங்கள். எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போவதில்லை. அவற்றுள் மிகச் சிறியது எது? அப்படி ஒன்று இல்லவே இல்லை. எதை எடுத்தாலும் அதைவிடச் சிறியது அடுத்தாற்போல் காத்திருக்கிறது. எல்லை உண்டு என்பதால் அந்த எல்லையைத் தொடும் ஒன்று உண்டு என்று சொல்லிவிட முடியாது. ரீமானின் நிரூபணத்தில் இருந்த ஓட்டை இதுதான்.

எட்டு மாணவர்கள்

டாக்டர் பட்டம் கிடைத்தது, உத்தியோகம் கிடைக்கவில்லை. சர்வகலாசாலையில் பாடம் சொல்லும் தகுதி பெற இன்னொரு கட்டுரையும் ஒரு பிரசங்கமும் தேவைப்பட்டன. 1854 ஜூன் 10-ந் தேதி, இடப்பரப்பின் அடிப்படைகளைப் பற்றி ரீமான் பிரசங்கம் செய்தார். 1915-ல் ஐன்ஸ்டைன் புவியீர்ப்புக்குப் புது விளக்கம் தந்தபோது, அதற்கு வேண்டிய கணிதம் அந்தப் பிரசங்கத்திலிருந்து வளர்ந்ததாகவே இருந்தது.

அத்தகைய மேதைக்கு அந்த வருஷம் சம்பளமே இல்லை. மாணவர்கள் கட்டும் கட்டணம்தான் வரும்படி. முதல் வகுப்புக்கு எட்டுப் பேர் வந்தார்கள். அவ்வளவு பேர் வந்ததே ரீமானுக்குப் பெரிய சந்தோஷம்! 1855-ல் காஸ் காலமாகி, அவருடைய இடத்துக்கு டிரிஷ்லே வந்தார். பழைய மாணவரின் நிலையைக் கண்டு, வருஷத்துக்கு 200 தாலர் உதவித் தொகை கிடைக்க ஏற்பாடு செய்தார்.

அதே ஆண்டில் தகப்பனாரும் ஒரு சகோதரியும் இறந்தார்கள். 1857-ல் தபால் இலாகாவில் வேலை பார்த்துவந்த ஒரே சகோதரரும் இறந்தார். எஞ்சிய மூன்று சகோதரிகளைக் காப்பாற்றும் பொறுப்பு ரீமானின் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு அவருக்கு உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. சம்பளம் 300 தாலர். சிறிது காலத்தில் மூவரில் ஒரு சகோதரியும் மறைந்தார். அந்தக் குடும்பத்தை நோய் விடாமல் துரத்தியது.

இந்தத் துயரங்களுக்கு நடுவேதான் ரீமானின் மிகப் பெரிய கட்டுரைகள் பிறந்தன. 1857-ல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றைக் கண்டதும், அதே பொருளில் தாம் அச்சுக்குக் கொடுத்திருந்ததை பெர்லின் கணித மேதை வையர்ஸ்ட்ராஸ் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1859-ல் டிரிஷ்லே காலமாகவே, காஸும் டிரிஷ்லேயும் வகித்த பேராசிரியர் பதவி ரீமானுக்கு வந்தது. பெர்லின் விஞ்ஞானக் கழகமும் அவரை அங்கத்தினராக்கியது. அவர் பெயரை முன்மொழிந்தவர்களில் வையர்ஸ்ட்ராஸும் ஒருவர். பகா எண்களைப் பற்றி அந்த ஆண்டு ரீமான் எழுதிய சிறு கட்டுரையிலுள்ள ஊகம் இன்றும் நிரூபிக்கப்படாமல் இருக்கிறது.

தீவுகள் உள்ள ஏரி

தீவில்லாத ஏரியோடு ரீமான் நிற்கவில்லை. ஏரிக்குள் வட்டமான தீவுகள் இருந்தால் என்ன ஆகும் என்றும் ஆராய்ந்தார். அதற்குக் காரணம் மின்சாரம். பக்கத்தில் பக்கத்தில் இணையாக நிற்கும் உருளையான உலோகத் தண்டுகளில் மின்சாரம் எப்படிப் பரவி நிற்கும்? தண்டுகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எல்லாம் வட்டங்கள். வட்டங்களுக்கு வெளியே உள்ள இடத்தைக் கோணம் மாறாமல் வேறு வடிவமாக்கிவிட்டால் விடை கைக்கு வந்துவிடும்.

இரண்டே வட்டங்கள் என்றால் கணக்கு சுலபம். ஒன்றையொன்று தொடாத எந்த இரண்டு வட்டங்களையும், கோணம் மாறாமல், ஒரே மையமுள்ள இரண்டு வட்டங்களாக மாற்றிவிடலாம். ஆனால் அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. வெளி வட்டம் உள் வட்டத்தைப் போல் இரண்டு மடங்கு அகலமுள்ள வளையத்தை, மூன்று மடங்கு உள்ள வளையமாக எந்த வித்தையாலும் மாற்ற முடியாது. தீவில்லாத ஏரிகள் எல்லாம் ஒரே ஜாதி. ஒரு தீவு வந்துவிட்டால் ஒவ்வொரு விகிதமும் தனி ஜாதி. வட்டங்கள் பெருகப் பெருகச் சிக்கலும் பெருகும்.

இந்த ஆராய்ச்சியை ரீமான் எழுதி முடிக்கவில்லை. அவர் விட்டுச் சென்றவை பெரும்பாலும் சூத்திரங்கள் நிறைந்த தாள்களே. நண்பர் டெடகிண்டின் உதவியோடு ஹைன்ரிக் வெபர் அவற்றை ஒழுங்குபடுத்தி, 1876-ல் வெளிவந்த ரீமானின் நூல் தொகுதியில் சேர்த்தார்.

ஏரிக்கரையில் முடிவு

1862 ஜூன் மாதம் எலிஸ் கோச் என்ற பெண்மணியை ரீமான் மணந்தார். இல்லற சுகம் ஒரு மாதந்தான். மார்பில் நீர் கோத்துக்கொண்டு படுத்தார். அது காசநோயாக முற்றியது. குளிர் தாங்காத உடம்போடு இத்தாலிக்குப் போவதும், சிறிது தேறியதும் கெட்டிங்கனுக்குத் திரும்புவதுமாகக் காலம் கழிந்தது. பைசா நகரில் பெண் குழந்தை பிறந்தது. அங்கே பெட்டி என்ற கணிதப் பேராசிரியர் உற்ற நண்பரானார். பைசா சர்வகலாசாலை பதவி கொடுக்க முன்வந்தும், உடல்நிலையை எண்ணி ரீமான் மறுத்துவிட்டார்.

1866 ஜூனில் பிரஷ்யாவின் படையும் ஹனோவர் படையும் கெட்டிங்கன் பக்கம் மோதும் நிலை வந்தபோது, ரீமான் மூன்றாம் முறையாக இத்தாலிக்குப் புறப்பட்டார். மஜோரே ஏரிக்கரையில் செலாஸ்கா என்னும் சிற்றூர். அங்கே ஒரு அத்தி மரத்தடியில் சாய்ந்தபடி, மனிதனின் காது வேலை செய்யும் விதம் பற்றிய கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார். அதுவும் முடியவில்லை. ஜூலை 20-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 39.

ஓட்டை அடைபட்டது

நான்கு ஆண்டுகள் கழித்து, 1870-ல், டிரிஷ்லேயின் கொள்கையை அப்படியே நம்ப முடியாது என்று வையர்ஸ்ட்ராஸ் ஓர் உதாரணத்தோடு காட்டினார். இதில் பகையோ பொறாமையோ இல்லை. ரீமானை மதித்தவர்தான் அவர். கணிதத்தில் நட்புக்காகத் தவறு சரியாகிவிடாது. ரீமானின் வாழ்நாளிலேயே இந்த ஆட்சேபம் அவர் காதுக்கு எட்டியது என்றும், வழி எப்படியாயினும் முடிவு சரிதான் என்று அவர் கலங்காமல் இருந்தார் என்றும் பெலிக்ஸ் கிளைன் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் உலகம் கலங்கியது. அஸ்திவாரம் ஆடும்போது மேலே உள்ள மாளிகையை எப்படி நம்புவது? மாளிகையைக் கைவிட மனமில்லாதவர்கள் ஒவ்வொருவராக வந்து முட்டுக் கொடுத்தார்கள். வையர்ஸ்ட்ராஸின் மாணவரான ஷ்வார்ஸ், சதுரத்தை வட்டமாக்கும் சூத்திரத்தையே எழுதிக் காட்டினார். பல வகைக் கரைகளுக்கு வேறு வழியில் நிரூபணம் தந்தார். 1900-ல் அமெரிக்கரான ஆஸ்குட், எந்தக் கரையானாலும் ரீமான் சொன்ன மாற்றம் உண்டு என்று நிரூபித்தார். அதே சமயத்தில், ரீமான் பாடம் சொன்ன அதே கெட்டிங்கனில் ஹில்பர்ட், தக்க நிபந்தனைகளோடு டிரிஷ்லேயின் கொள்கையையே மீட்டுக் கொடுத்தார். ரீமானின் யோசனையும் பிழைத்தது; முடிவும் நிலைத்தது.

பிறகு அந்த வட்டம் காகிதத்தை விட்டு வானத்தில் ஏறியது. உருண்டைத் தண்டைச் சுற்றிக் காற்று ஓடும் விதத்தைக் கணக்கிடுவது எளிது. விமான இறக்கையைச் சுற்றி ஓடுவதைக் கணக்கிடுவது கடினம். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய விஞ்ஞானி ஜுகோவ்ஸ்கி, வட்டத்தைக் கோணம் மாறாமல் இறக்கை வடிவமாக்கும் எளிய சூத்திரத்தைக் கொண்டு, இறக்கை மேலே தூக்கப்படும் விசையைக் கணக்கிட்டார்.

தீவுகள் உள்ள ஏரியின் கதையும் தொடர்ந்தது. தீவுகள் எத்தனை இருந்தாலும், அவை எண்ணி முடியக்கூடியவையாக இருந்தால், கரையையும் தீவுகளையும் ஒருசேர வட்டங்களாக்கலாம் என்று கோபே என்னும் ஜெர்மானியர் நிரூபித்தார். முடிவில்லாத எண்ணிக்கையில் இருந்தாலும் முடியும் என்று 1908-ல் ஊகம் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தக்கூடிய முடிவில்லாத தீவுகளுக்கு அது சரிதான் என்று 1993-ல் இருவர் காட்டினார்கள். வரிசைக்கே அடங்காத தீவுக் கூட்டத்துக்கு இன்னும் விடை இல்லை. முடிக்க நேரமில்லாமல் ரீமான் வைத்துவிட்டுப் போன வட்டக் கணக்கு, இன்றும் ஒரு கை பார்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறது.